எல்லைக்கோட்டில் ஓர் ஊர்

நுழையும்முன்

பல மொழியினர் கூடி வாழ்ந்த ஓர் அரசு பிரியும்போது, புதிய எல்லைக்கோடுகள் தோன்றுகின்றன. சில நிலங்களில் அக்கோடுகள் போர்முனைகளாயின. சில நிலங்களில் அவை வரைபடத்திலும் ஆவணத்திலும் மட்டும் நின்றன. ஒரே வகையான பிரிவு இருவேறு விளைவுகளைத் தந்தது ஏன் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டு வரலாற்றின் முதன்மையான வினாக்களுள் ஒன்று. தமிழ்நாட்டின் வடமேற்கு முனையில் கர்நாடகத்தை ஒட்டியிருக்கும் ஓசூரையும் அதனைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி நிலத்தையும் முன்வைத்து, அவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஒரே நாளில் இரு நிகழ்வுகள்

1991ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ஐரோப்பாவின் யுகோஸ்லாவியக் கூட்டரசிலிருந்து ஸ்லோவேனியா, குரோஷியா என்னும் இரண்டு குடியரசுகள் தம் விடுதலையை அறிவித்தன. அதே நாளில் இந்தியாவில் காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்கால ஆணையை வழங்கியது. ஓராண்டில் 205 டி.எம்.சி. நீர் மேட்டூர் அணைக்கு வந்து சேருமாறு கர்நாடகம் திறந்துவிட வேண்டும் என்பது அவ்வாணை.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே எத்தொடர்பும் இல்லை. ஆனால், அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டு நிலங்களிலும் ஒரே காட்சி அரங்கேறியது. பல்லாண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள், தம் பெயரும் பேச்சும் இன்ன இனத்தைக் காட்டுகின்றன என்பதற்காக வீடுகளை விட்டு ஓடினர். அதன்பின் இரு நிலங்களின் வழிகளும் பிரிந்தன. யுகோஸ்லாவியாவில் போர் மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. காவிரி நிலத்தில் கலவரம் அடங்கியது. வழக்கு நீதிமன்றத்துக்குத் திரும்பியது. ஓசூர் ஆலைகளுக்குத் தொழிலாளர் திரும்பினர். இந்த வேறுபாட்டை விளக்க, இரண்டு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் வேண்டும்.

சிதறிய கூட்டரசு

முதல் உலகப்போரின் முடிவில், 1918இல் யுகோஸ்லாவியா ஒரு முடியரசாகத் தோன்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது ஆறு குடியரசுகளின் சோசலிசக் கூட்டரசாயிற்று. செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா–ஹெர்செகோவினா, மாசிடோனியா, மாண்டினீக்ரோ என்பன அக்குடியரசுகள். செர்பியாவுக்குள் கொசோவோ, வொய்வோடினா என்னும் இரண்டு தன்னாட்சிப் பகுதிகளும் இருந்தன. நெடுங்காலம் தலைமை தாங்கிய டிட்டோ 1980இல் மறைந்தார். அடுத்த பத்தாண்டுகளில் வெளிநாட்டுக் கடனும் விலையேற்றமும் கூட்டரசை நெருக்கின. துன்பத்துக்குக் காரணம் அண்டை இனத்தவரே எனச் சொல்லும் தலைவர்கள் செல்வாக்குப் பெற்றனர். பழைய போர்க்காலக் கொடுமைகளின் நினைவுகள் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் மீண்டும் மீண்டும் கிளறப்பட்டன. 1989இல் கொசோவோவின் தன்னாட்சி உரிமை குறைக்கப்பட்டது. ஒருவர் உரிமை பறிபோவதைக் கண்ட மற்றவர்கள், அடுத்தது தம்முடையதோ என அஞ்சினர்.

ஸ்லோவேனியாவில் போர் பத்து நாள்களில் முடிந்தது. செர்பியர் கணிசமாக வாழ்ந்த குரோஷியாவில் அது நீண்டது. மூன்று இனத்தவர் கலந்து வாழ்ந்த போஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை நடந்த போர் ஏறத்தாழ ஒரு இலட்சம் உயிர்களைக் கொண்டது. சரயேவோ நகரம் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முற்றுகையில் கிடந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் படுகொலை செய்யப்பட்டனர். பன்னாட்டு நீதிமன்றங்கள் அதனை இனப்படுகொலை எனத் தீர்ப்பளித்தன. அவ்வாண்டின் இறுதியில் டேட்டன் உடன்படிக்கை போஸ்னியப் போரை நிறுத்தியது.

இங்கு மொழி பற்றிய ஓர் உண்மை கருதத்தக்கது. போஸ்னியாவில் போரிட்ட மூன்று தரப்பினரும் மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒருவரோடொருவர் பேசக் கூடியவர்கள். முன்பு செர்போ–குரோவாசியம் எனப் பெயர் பெற்றிருந்த மொழியே இன்று செர்பியம், குரோவாசியம், போஸ்னியம், மாண்டினீக்ரியம் என நான்கு பெயர்களால் வழங்குகிறது. ஆகவே, மக்கள் வேறுவேறு மொழி பேசுவதனாலேயே போர் வருகிறது என்னும் முடிவு பொருந்தாது. ஒரே பேச்சுடையோரும் பகைக்கலாம். வேறுவேறு மொழியினரும் கூடி வாழலாம். இரண்டாவதற்குச் சான்று தேட ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

பிரிந்த மாகாணம்

ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான சென்னை மாகாணம் மொழியால் ஒன்றுபட்ட நிலமன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, ஒடியா ஆகிய மொழிகள் பேசுவோர் அதில் வாழ்ந்தனர். போர்களின் வெற்றிகளும் உடன்படிக்கைகளும் அதன் எல்லைகளை வகுத்தன. மக்களின் பேச்சு வகுக்கவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் நிலத்தைத் திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்குக் கொடுக்க நேர்ந்தது. 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் ஓசூர்ப் பகுதியும் அவர்கள் கைக்குச் சென்றது. அவ்வாறு அது சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டமாயிற்று.

விடுதலை இயக்கம் மொழியின் ஆற்றலை முன்னரே உணர்ந்திருந்தது. 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் காங்கிரஸ் தன் மாகாணக் குழுக்களை மொழிவழியாக அமைக்க முடிவு செய்தது. 1936இல் ஒடியா பேசும் வடபகுதிகள் பிரிந்து ஒரிசா மாகாணத்தில் சேர்ந்தன. ஆனால், நாட்டுப் பிரிவினையின் குருதி உலராத 1948–49ஆம் ஆண்டுகளில், மொழிவழி மாநிலங்கள் ஒருமைப்பாட்டைக் குலைக்குமோ என்னும் அச்சம் மேலோங்கியது. தார் ஆணையமும், நேரு, படேல், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அடங்கிய குழுவும் தயக்கம் காட்டின.

மக்கள் காத்திருக்கவில்லை. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அவ்வாண்டின் இறுதியில் அமைக்கப்பட்டு, 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. அதன் வழியே வந்த சட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மலபார் கேரளத்தோடும், தென் கன்னடமும் கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டமும் மைசூரோடும் சேர்ந்தன. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. வடக்கெல்லையில் படாஸ்கர் முன்மொழிவின்படி 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது.

இப்பிரிவு துயரின்றி நிகழ்ந்ததென்று சொல்ல இயலாது. தெற்கெல்லைப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் தமிழர்கள் உயிரிழந்தனர். மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் மறைந்தார். ஆயினும், எந்த மாநிலமும் மற்றொரு மாநிலத்தின்மீது படை நடத்தவில்லை. எதிரெதிர்த் தரப்பினர் ஆணையத்தின்முன் மனுக்களையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் கல்வெட்டுச் சான்றுகளையும் வைத்து வாதாடினர். வென்றவர் மகிழ்ந்தனர், தோற்றவர் வருந்தினர், இருவரும் அடுத்த தேர்தலில் வாக்களித்தனர்.

மொழிபெயர் தேயம்

தம் மொழி முடிந்து பிறமொழி தொடங்கும் நிலத்தைச் சங்கப் புலவர்கள் ‘மொழிபெயர் தேயம்’ என்றனர். பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடந்து போகும் நிலமாக அது பாடல்களில் வருகிறது. ஓசூர் அத்தகைய நிலம். ஆனால், இங்கு ஒரு மொழி முடிந்து மற்றொன்று தொடங்குவதில்லை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர், பேரிகை, சூளகிரி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் வீட்டுமொழிகள். நகரங்களில் உருதும் ஒலிக்கிறது. ‘பட்டி’ என முடியும் ஊர்கள் தமிழையும், ‘அள்ளி’ என முடிபவை கன்னடத்தின் ‘ஹள்ளி’யையும் நினைவூட்டுகின்றன, ‘பள்ளி’யோ பொதுச்சொல்லாய் நிற்கிறது. ஓசூர் என்னும் பெயரே கன்னடத்தில் ‘புதிய ஊர்’ எனப் பொருள்படும். அவ்வூரின் மலைமேல் நிற்கும் சந்திரசூடேசுவரர் கோயிலின் பழங்கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. இந்நிலத்தின் முதன்மைத் தவசமான கேழ்வரகைக் கிண்டி உருட்டிய உணவு தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கடி. பெயர் மூன்று, அடுப்பில் வேகும் மாவு ஒன்று.

இந்தியாவின் முதல் இந்தியத் தலைமை ஆளுநரான மூதறிஞர் இராஜாஜி இந்நிலத்தில்தான் பிறந்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த அவர், ஓசூரிலும் பின்னர் பெங்களூருவிலும் கல்வி பயின்றார். ஆந்திரம் பிரிந்தபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவரும் அவரே.

இத்தகைய நிலத்தில் மொழிவழியாக ஒரு கோட்டை எங்கு வரைவது? ஊர்வாரியாக வரைந்தால் கோடு வீட்டுக்கு வீடு வளையும். ஓசூரை மைசூரோடு இணைக்க வேண்டும் என்னும் குரல் எழுந்தது. எனினும், ஒன்றரை நூற்றாண்டாகச் சேலம் மாவட்டத்தோடு பிணைந்திருந்த அவ்வட்டம் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. தெலுங்கரும் கன்னடரும் தமிழ்நாட்டின் மொழிச் சிறுபான்மையினராயினர். அதேபோல் கொள்ளேகாலிலும் கோலார்த் தங்கவயலிலும் பெங்களூருவிலும் வாழ்ந்த தமிழர் மறுபுறத்தில் மொழிச் சிறுபான்மையினராயினர். எல்லையின் இருபுறமும் சிறுபான்மையினர் இருத்தல், ஒவ்வோர் அரசுக்கும் ஒரு பொறுப்பைத் தந்தது. தன் மக்கள் மறுபுறத்தில் எப்படி நடத்தப்பட வேண்டும் என எதிர்பார்க்கிறதோ, அப்படியே தன்னிடம் வாழும் பிறமொழியினரை நடத்த வேண்டிய பொறுப்பு அது.

தொழில் தந்த பிணைப்பு

மழைக்குறைவும் மேட்டு நிலமும் கொண்ட இப்பகுதி நெடுங்காலம் வேளாண்மையில் பின்தங்கியிருந்தது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் அமைந்ததும் நெடுஞ்சாலை வசதி பெற்றதும் அதன் வலிமைகளாயின. 1971இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட், ஓசூரில் தொழிற்பேட்டையை உருவாக்கியது. கனரக ஊர்திகள், இருசக்கர ஊர்திகள், கைக்கடிகாரங்கள் ஆகியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் வந்தன. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கடிகார ஆலையை இங்கு நிறுவியது. பெரிய ஆலைகளைச் சுற்றி, உதிரிப் பாகங்களைக் கடைந்தும் வார்த்தும் கொடுக்கும் சிறுதொழிற்கூடங்கள் பெருகின. ரோசா மலர்ப் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்தன.

இத்தொழில்கள் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஓசூரில் கடையப்படும் பாகம் பெங்களூரு ஆலையில் பொருத்தப்படுகிறது. பெங்களூருவில் குடியிருப்போர் ஓசூர் ஆலைக்கும், ஓசூரில் குடியிருப்போர் பெங்களூருவின் மின்னணு நகரத்துக்கும் நாள்தோறும் சென்று வருகின்றனர். தமிழ்நாட்டு எல்லை ஊரான ஜூஜூவாடிக்கும் கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கும் இடையே பேருந்துகள் இடைவிடாது ஓடுகின்றன. தென்பெண்ணையும் கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து வருகிறது. நீரும் வேலையும் சாலையும் பொதுவாக இருக்கையில், பகை என்பது இருதரப்பாருக்கும் இழப்பாகிறது.

கோடு கனன்ற நாள்கள்

ஆயினும், பிணைப்பு இருப்பதனாலேயே அமைதி உறுதியாகிவிடாது. 1991ஆம் ஆண்டு இடைக்கால ஆணைக்கு எதிராகக் கர்நாடக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அச்சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் நவம்பரில் கருத்துரைத்தது. டிசம்பரில் நடுவண் அரசு ஆணையை அரசிதழில் வெளியிட்டது. அடுத்த நாள்களில் பெங்களூருவிலும் தென் கர்நாடகப் பகுதிகளிலும் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. உயிர்கள் பலியாயின, குடிசைகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தனர். தாக்கப்பட்டோருள் பலர் நாள்கூலி பெறும் எளிய தொழிலாளர்கள். காவிரி நீரை எவ்வளவு திறப்பது என்பதை முடிவு செய்யும் நிலையில் அவர்களுள் ஒருவரும் இல்லை.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் அத்தீ மீண்டும் மூண்டது. உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டிப் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் சரக்குந்துகளும் கொளுத்தப்பட்டன. காவல் துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. தமிழ்நாட்டிலும் கன்னடருடைய உணவகம் ஒன்றும் கர்நாடகத்து ஊர்திகளும் தாக்கப்பட்டன. பேருந்துகள் எல்லையில் நின்றுவிட, முதியவர்களும் கைக்குழந்தையோடு பெண்களும் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தனர். நாள்தோறும் எவரும் கவனியாது கடந்த கோடு, அந்நாள்களில் ஒவ்வோர் அடியிலும் உணரப்பட்டது.

போர்முனை ஆகாமை ஏன்?

யுகோஸ்லாவியாவில் நேர்ந்தது இங்கு நேராமைக்குக் காரணங்கள் சிலவற்றைக் கூறலாம்.

முதலாவது, எல்லை மாறியபோதும் குடியுரிமை மாறவில்லை. கொள்ளேகால் தமிழரும் ஓசூர்க் கன்னடரும் 1956 அக்டோபர் 31ஆம் நாள் எந்நாட்டின் குடிமக்களோ, மறுநாளும் அந்நாட்டின் குடிமக்களே. வீட்டையும் நிலத்தையும் வேலையையும் இழக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எழவில்லை. போஸ்னியாவிலோ, கோடு எங்கு விழுகிறது என்பது ஒருவர் உயிரோடிருப்பதையே முடிவு செய்தது.

இரண்டாவது, மாநிலங்களின் கையில் படைகள் இல்லை. யுகோஸ்லாவியக் குடியரசுகள் தத்தமக்குரிய நிலக்காவல் படைகளை வைத்திருந்தன. கூட்டரசின் படையும் நடுநிலை தவறியது. இந்தியாவில் எல்லையை மாற்றும் அதிகாரம் அரசமைப்பின் 3ஆம் கூற்றின்படி நாடாளுமன்றத்திடம் உள்ளது. பூசல் எழுந்தால் செல்ல வேண்டிய இடம் எது என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது, சிறுபான்மையினருக்கான காப்பு சட்டத்தில் இடம்பெற்றது. மாநில மறுசீரமைப்போடு 1956இல் செய்யப்பட்ட ஏழாவது திருத்தம், 350அ, 350ஆ ஆகிய கூறுகளைச் சேர்த்தது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதியை முன்னது வலியுறுத்துகிறது. மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி அலுவலரைப் பின்னது ஏற்படுத்துகிறது.

நான்காவது, மொழி உரிமைக் கோரிக்கைக்கு நாட்டுக்குள்ளேயே இடம் கிடைத்தது. திராவிட நாடு என்னும் தனிநாட்டுக் கோரிக்கையை 1963இல் கைவிட்ட திராவிட முன்னேற்றக் கழகம், 1967இல் வாக்குரிமையின் வழியே ஆட்சிக்கு வந்தது. 1969இல் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. சங்கரலிங்கனார் கேட்ட பெயரைச் சட்டமே வழங்கியது.

இவ்விடத்தில் அண்டை நாடொன்றின் வரலாறும் நினைக்கத்தக்கது. இந்தியா மொழிகளுக்கு மாநிலங்கள் வகுத்த அதே 1956ஆம் ஆண்டில், இலங்கை சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1958இல் கைவிடப்பட்டது. அறவழியில் எழுந்த கோரிக்கைகள் மீண்டும் மீண்டும் புறக்கணிக்கப்பட்டன. 1983 முதல் 2009 வரை நடந்த போர் அப்புறக்கணிப்பின் நெடுந்தொடர்ச்சி. மொழியை ஏற்பதால் நாடு உடையும் என்னும் அச்சத்தை இவ்விரு வரலாறுகளும் தலைகீழாகத் திருப்பிக் காட்டுகின்றன.

பன்மொழி அரசு பிரிந்தே தீரும் என்பதோ, பிரிந்தால் போர் வந்தே தீரும் என்பதோ உண்மையன்று. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1ஆம் நாள் இரு நாடுகளாகப் பேச்சுவார்த்தை வழியே பிரிந்தது. பிரிவின் முறையும், பிரிந்தபின் சிறுபான்மையினர் பெறும் இடமும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முற்றுப்பெறாத பணி

காவிரி வழக்கில் 2007இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பும், 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் விடுவிக்கப்பட வேண்டும் என்றது பின்னது. அவ்வாண்டே காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் பூசல் இன்றும் எழுகிறது. ஆனால், அதனைத் தீர்க்கக் கணக்கேடும் அளவுகோலும் மேசையும் உள்ளன.

பெங்களூரு அல்சூரில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்துக் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் உரைத்தவரும் மூவடியில் அறம் உரைத்தவரும் இடம் மாறி நின்றனர்.

ஓசூர்ப் பகுதியின் வகுப்பறையில் வேறொரு பணி எஞ்சியுள்ளது. தெலுங்கு, கன்னட வழியில் பயிலும் அரசுப் பள்ளி மாணவர்கள் இங்கு உள்ளனர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியபோது, மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றத்தை அணுகிச் சில ஆண்டுகளுக்கு விலக்குப் பெற்றனர். மாநில மொழியை அறியாதவர் அம்மாநிலத்தின் வேலைவாய்ப்பிலும் ஆட்சியிலும் பின்தங்குவர். தாய்மொழியை இழப்பவர் தம் வீட்டிலேயே அயலாராவர். இவ்விரண்டு இழப்புகளும் நேராமல் ஒரு குழந்தையை வளர்ப்பதற்குத் தகுதியான ஆசிரியர்களும் நூல்களும் காலமும் தேவை. பெங்களூருவில் தமிழ் பயில விரும்பும் மாணவருக்கும் இதே தேவை உண்டு.

இன்று ஓசூர் ஆலைகளிலும் கட்டுமானக் களங்களிலும் ஒடியா, வங்காளம், இந்தி பேசும் தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். மூன்று மொழி நிலம் ஆறு மொழி நிலமாகி வருகிறது. அவர்களது மொழியில் பாதுகாப்பு அறிவிப்புப் பலகை ஒன்று இருப்பதும் இல்லாதிருப்பதும், எந்திரத்தின் முன் நிற்கும் கைகளைக் காக்கவோ இழக்கவோ செய்யும். எல்லைக்கோடு வரைந்த தலைமுறை தன் பணியை முடித்துச் சென்றுவிட்டது. கோட்டின் இருபுறமும் எண்ணிக்கையில் குறைந்தவர் அச்சமின்றி வாழச் செய்யும் பணி அடுத்த தலைமுறைக்கு உரியது.

தெரிந்து தெளிவோம்

கன்னட இலக்கியத்துக்காக 1983ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழி தமிழ். கரிசல் இலக்கியத்தின் முன்னோடியான கி. ராஜநாராயணனின் வீட்டுமொழி தெலுங்கு. மொழிகளின் எல்லை, எழுதுவோரின் எல்லை அன்று.

போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கற்பாலம் 1993ஆம் ஆண்டுப் போரில் தகர்க்கப்பட்டது. அது பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பேசப்படும் வீட்டுமொழிகளைப் பட்டியலிட்டு, ஒரே பொருளுக்கு அம்மொழிகளில் வழங்கும் சொற்களைத் தொகுக்க.

2. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின்முன் ஓசூர் வட்டத்தைப் பற்றி வாதிடும் இரு தரப்பினராக வகுப்பில் பிரிந்து கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. ‘மொழிபெயர் தேயம்’ என்பதன் பொருள் யாது?

2. 1991 ஜூன் 25ஆம் நாள் நிகழ்ந்த இரு நிகழ்வுகளைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. மொழி வேறுபாடே போருக்குக் காரணம் என்னும் கருத்தைப் போஸ்னியாவையும் ஓசூரையும் கொண்டு ஆராய்க.

2. எல்லையின் இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் வாழ்தல் அரசுகளுக்குத் தரும் பொறுப்பினை விளக்குக.

நெடுவினா

சென்னை மாகாணத்தின் பிரிவும் யுகோஸ்லாவியாவின் பிரிவும் வேறுவேறு விளைவுகளைத் தந்தமைக்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.